விருந்தினர் இல்லத்தில் ஓர் இழப்பு: குடும்பமும் கணக்கும்

தம் வீட்டின் ஒரு பகுதியையோ தோட்டத்தில் கட்டிய மரக்குடில்களையோ பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு வாழும் குடும்பங்கள் இன்று இந்தியாவின் மலைச்சிற்றூர்கள் பலவற்றிலும் உள்ளன. குடகின் காப்பித் தோட்டங்களிலும், சிக்கிமின் சரிவுகளிலும், இமாசலத்தின் ஆற்றங்கரைகளிலும் இவ்வில்லங்களைக் காணலாம். ஹோம்ஸ்டே என்று வழங்கும் இத்தொழிலுக்கென இமாசலப் பிரதேச அரசு 2008ஆம் ஆண்டிலேயே தனித் திட்டம் ஒன்றை வகுத்தது. 2025-26ஆம் ஆண்டின் ஒன்றிய வரவுசெலவுத் திட்ட உரையில், இவ்வில்லங்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்ற அறிவிப்பும் இடம்பெற்றது.

இத்தொழிலைத் தொடங்குவது எப்படி, அறைகளை அழகுபடுத்துவது எப்படி என்று விளக்குவோர் பலர் உள்ளனர். நாம் இப்பாடத்தில் எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒரு பொருள். இல்லத்தை நடத்திவந்தவர் ஒருநாள் திடீரென மறைந்துவிட்டால், அழுதுகொண்டிருக்கும் அவ்வீட்டில் அடுத்த நாள் காலை என்ன நடக்கிறது? எது நின்றுபோகிறது, எது நிற்காமல் காத்துக்கொள்ளலாம் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வீடும் தொழிலும் ஒன்றாயிருக்கும்போது

கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் கடையை அடைத்துவிடலாம். இல்லவிடுதியில் அது எளிதன்று. இங்கு கடையின் கதவே வீட்டின் கதவு. துக்கம் நேர்ந்த இரவில் அடுத்த அறையில் விருந்தினர் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். மறுநாள் வருவதற்கு இன்னொரு குடும்பம் முன்பணம் செலுத்தி, பேருந்தும் ஏறியிருக்கக்கூடும்.

கணக்குகளும் அவ்வாறே கலந்திருக்கும். விருந்தினர் தரும் பணத்தில்தான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் பாட்டியின் மருந்தும் வாங்கப்படும். தொழில் என்பது பெரும்பாலும் ஒருவருடைய பெயரிலேயே இருக்கும். பதிவும் கடனும் நடப்புக் கணக்கும் அவர் பெயரில், கைபேசி எண்ணும் அவருடையதாகவே இருக்கும். தனியுரிமைத் தொழிலுக்கு உரிமையாளரைத் தவிர்த்து வேறொரு சட்ட உருவம் இல்லை. ஆகவே அவர் மறையும் கணத்தில் தொழிலும் சட்டத்தின் பார்வையில் நின்றுவிடுகிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம்

விளக்கத்துக்காக நாம் கற்பனையில் ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்வோம். குல்லூ மாவட்டத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில், 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெரிய இமயமலைத் தேசியப் பூங்காவுக்கு அருகில், அவர்கள் வாழ்கின்றனர். தேவதாரு மரமும் கல்லும் மாறிமாறி அடுக்கிய பழைய காத்-குனி வீடு. அதன் மேல்தளத்தில் இரண்டு அறைகள். ஆப்பிள் தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு மரக்குடில்கள். கணவருக்கு வயது 46. மனைவி, கல்லூரியில் படிக்கும் 19 வயது மகள், 16 வயது மகன், கணவரின் தாயார் ஆகியோர் உடனிருப்பவர்கள்.

குடில்கள் கட்டுவதற்கு 8,00,000 ரூபாய் முத்ரா கடன் பெறப்பட்டது. அதன் மாதத் தவணை 17,000 ரூபாய். உதவியாளின் கூலி 9,000 ரூபாய், வீட்டுச் செலவு 22,000 ரூபாய். ஆக, ஒரு விருந்தினரும் வராத மாதத்திலும் 48,000 ரூபாய் வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வருவாய் மிகுதி; மழைக்காலத்தில் அது வெகுவாகக் குறையும். 2023 ஜூலையில் பெய்த பெருமழையும் பியாஸ் ஆற்று வெள்ளமும் குல்லூ மாவட்டத்தையே துண்டித்ததைக் கண்டவர்களாதலால், கையில் சிறிது சேமித்து வைக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு.

மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் விடியலில், விருந்தினருக்கு வெந்நீர் போடுவதற்காக விறகு எடுக்கச் சென்ற கணவர் மாரடைப்பால் மறைந்தார். அப்போது இரண்டு அறைகளில் விருந்தினர் இருந்தனர்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

இறப்பை 21 நாள்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. வங்கி, காப்பீடு, நிலப் பதிவு, சுற்றுலாத் துறைப் பதிவு ஆகிய எல்லாவற்றுக்கும் இச்சான்றிதழே முதல் படி. ஆதலால் பல படிகள் பெற்று வைத்துக்கொள்வது நலம்.

அடுத்தது விருந்தினர். நாம் எண்ணிக்கொண்ட குடும்பத்தில் மே, ஜூன் மாதங்களுக்கு 11 முன்பதிவுகள் இருந்தன. பெற்ற முன்பணம் மொத்தம் 48,000 ரூபாய். மகள் தந்தையின் நாட்குறிப்பைப் பார்த்து ஒவ்வொருவரையும் அழைத்தாள். முதல் இரண்டு அழைப்புகளில் அவளால் பேச இயலவில்லை. பக்கத்து இல்லவிடுதியின் மாமி அவளருகில் அமர்ந்து, தொலைபேசியை வாங்கிப் பேசினார். பிறகு அவளே பேசினாள். ஐந்து குடும்பங்கள் அக்கம்பக்கத்து இல்லங்களில் தங்க இசைந்தன. அவர்களுடைய முன்பணம் 22,000 ரூபாய் அவ்வில்லங்களுக்கு அனுப்பப்பட்டது. நால்வர் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். அது 17,000 ரூபாய். இருவர், தாம் பிறகு வருவதாகவும் அதுவரை 9,000 ரூபாய் அங்கேயே இருக்கட்டும் என்றும் கூறினர்.

இதில் நாம் கற்க வேண்டிய கணக்குப் பாடம் ஒன்று உண்டு. முன்பணம் வருவாய் அன்று. விருந்தினர் வந்து தங்கும்வரை அது நாம் அவர்களுக்குப் பட்ட கடன். அதனைத் தனியாக எழுதிவைத்தால்தான், எழுதியவர் இல்லாதபோதும் மற்றவர் அதைத் தீர்க்க முடியும். அந்நாட்குறிப்பு இல்லாதிருந்தால், துக்க வீட்டின் வாயிலில் பெட்டிகளோடு ஒரு குடும்பம் வந்து நின்றிருக்கும்.

கைபேசியும் இரகசிய எண்ணும்

தந்தையின் யுபிஐ இரகசிய எண் மகனுக்குத் தெரியும். சடங்குச் செலவுக்கும் பணத்தைத் திருப்பித் தரவும் அக்கணக்கிலிருந்தே அனுப்பிவிடலாம் என்று அவன் நினைத்தான். பல வீடுகளில் இதுவே நடக்கிறது. தவறான எண்ணம் ஏதும் இன்றியே நடக்கிறது. ஆயினும் அது முறையன்று. கணக்கை இயக்கும் அதிகாரம் கணக்குதாரரின் உயிரோடு முடிகிறது. அவர் பிறருக்கு அளித்த அதிகாரப் பத்திரமும் அவ்வாறே. எஞ்சிய பணம் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. அதிலிருந்து ஒருவர் எடுத்தால், பின்னாளில் அன்பான வீட்டிலும் கேள்வி எழும்.

மறைந்தவரின் கணக்குக்குப் பின்னர் வந்துசேரும் பணத்துக்கும் வழிமுறை உண்டு. அதனை ‘மறைந்தவரின் சொத்து’ என்ற பெயரில் தனிக் கணக்கில் வரவு வைக்கவோ, அனுப்பியவருக்கே திருப்பிவிடவோ வங்கிகள் ஏற்பாடு செய்யும். எனவே வங்கிக்கு உடனே தெரிவிப்பதால் பணம் தொலைந்துபோவதில்லை, அது பாதுகாக்கப்படுகிறது. கைபேசி எண்ணை மட்டும் கைவிடலாகாது. பழைய விருந்தினர் அறிந்த எண் அதுதான். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அதனை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளக் கேட்கலாம்.

மூன்று கணக்குகள், மூன்று பாடங்கள்

அக்குடும்பத்தில் கணவர் பெயரில் மூன்று கணக்குகள் இருந்தன.

முதலாவது, 4,00,000 ரூபாய் நிரந்தர வைப்பு. கணவன் மனைவி இருவர் பெயரிலும், ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற விதியோடு இருந்தது. இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் மனைவியால் அதனைப் பெற முடிந்தது. வைப்புதாரர் இறந்த நிலையில் முதிர்வுக்கு முன்பே முடிப்பதற்குத் தண்டக் கட்டணம் கிடையாது. சடங்குச் செலவும், விருந்தினருக்குத் திருப்பித் தர வேண்டிய பணமும், இரண்டு மாதத் தவணையும் இதிலிருந்தே தரப்பட்டன. குடும்பத்தைத் தாங்கி நிறுத்தியது இந்த ஒரு வரி விதிதான்.

இரண்டாவது, 3,40,000 ரூபாய் இருந்த சேமிப்புக் கணக்கு. திருமணத்துக்கு முன் தொடங்கியது. நியமனதாரர் என்ற இடத்தில் கணவருடைய தந்தையின் பெயர் இருந்தது. அவரோ ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். அந்நியமனம் பயனற்றுப் போயிற்று.

மூன்றாவது, 85,000 ரூபாய் இருந்த நடப்புக் கணக்கு. அதில் நியமனமே இல்லை. தொழிற்கணக்குக்கு நியமனம் செய்ய இயலாது என்று பலர் கருதுகின்றனர்; தனியுரிமைத் தொழிலின் கணக்குக்கும் அவ்வசதி உண்டு.

பின்னிரண்டு கணக்குகளிலும் சேர்ந்து 4,25,000 ரூபாய். நியமனம் இருந்திருந்தால் சில தாள்களில் முடிந்திருக்கும் வேலை, இப்போது வாரிசுகள் அனைவருடைய கையொப்பத்தையும் வேண்டிற்று. இத்தகைய குடும்பங்களின் அலைச்சலைக் குறைக்கவே பாரத ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. நியமனமோ உயிருடன் இருப்பவர் விதியோ இல்லாத கணக்குகளிலும், வணிக வங்கிகளில் 15,00,000 ரூபாய் வரையிலான கோரிக்கைகளை எளிய ஆவணங்களைக் கொண்டே தீர்க்க வேண்டும்; தேவையான ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். இவற்றை 2026 மார்ச் 31ஆம் நாளுக்குள் நடைமுறைப்படுத்துமாறு வங்கிகளுக்குக் கூறப்பட்டது.

வாரிசு யார்?

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உயில் எழுதாமல் மறைந்த இந்து ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளாக 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவியையும் மகன் மகளையும் மட்டும் குறிக்கவில்லை, தாயையும் குறிக்கிறது. ஆகவே நம் எடுத்துக்காட்டில் வாரிசுகள் நால்வர். ஒவ்வொருவருக்கும் 1,06,250 ரூபாய்.

மருமகளுக்கு இசைவுக் கடிதம் எழுதித் தருமாறு கேட்டபோது அம்மூதாட்டி முதலில் மறுத்தார். பணத்தின் மீது அவருக்கு ஆசை இல்லை. மகன் இறந்தான் என்று எழுதிய தாளில் தன் கைநாட்டை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மருமகள் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து, தாளில் இருந்ததை அவருக்குப் புரியும் பேச்சில் முழுவதும் படித்துக் காட்டினாள். அவருடைய மருந்துச் செலவுக்கென ஒரு தொகையை அவர் பெயரிலேயே வைப்பாக இடுவதாகவும் கூறினாள். அதன் பின்னரே அவர் இசைந்தார். ஆவணங்களில் வேகம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் சில வீடுகளில் இரண்டு நாள் பொறுத்திருப்பதும் அவ்வேலையின் ஒரு பகுதிதான். மகன் 18 வயது நிரம்பாதவனாதலால் அவன் பங்கு அவன் நலனுக்கென்றே தனியாக வைக்கப்பட்டது.

நியமனதாரருக்கும் வாரிசுக்கும் உள்ள வேறுபாட்டையும் நினைவிற்கொள்வோம். நியமனதாரர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெறும் உரிமையுடையவர். பெற்ற பணம் வாரிசுகளுக்கு உரியது. வங்கி வைப்புகளைப் பொறுத்து 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது.

கடன் என்னவாகும்?

அப்போது கடனில் ஏறத்தாழ 5,00,000 ரூபாய் எஞ்சியிருந்தது. கடன்பட்டவர் மறைந்தால் கடன் மறைவதில்லை; அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அது தீர்க்கப்பட வேண்டும். வாரிசுகள் தமக்குக் கிடைத்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர். ஆனால் இணைக் கடனாளியாகவோ பிணையாளராகவோ கையொப்பமிட்டிருந்தால் அப்பொறுப்பு தனியாக நிலைக்கும். கையொப்பமிடும் முன் இதனை ஒவ்வொருவரும் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதற்கு முன்பே கிளைக்குச் சென்று நிலைமையைக் கூறினால், தவணைக் காலத்தை நீட்டுவது போன்ற வழிகளைப் பேசலாம். துக்கத்தில் கடிதங்களைப் பிரிக்காமல் வைத்துவிடுவது மனித இயல்பு. அந்த மூன்று மாதங்கள் எவருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதனால்தான் இதனை இங்கு அழுத்திக் கூறுகிறோம்.

பாஸ்புத்தகத்தில் ஒரு வரி

பதின்மூன்றாம் நாள் சடங்கு முடிந்தபின், மகள் தந்தையின் பாஸ்புத்தகத்தை வரிவரியாகப் படித்தாள். சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் 436 ரூபாயும், அதன் கீழே 20 ரூபாயும் கழிக்கப்பட்டிருந்தன. இவை என்னவென்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

436 ரூபாய் என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தின் ஆண்டுப் பிரீமியம். 18 முதல் 50 வயது வரை இதில் சேரலாம். 55 வயது வரை தொடரலாம். எக்காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் 2,00,000 ரூபாய் கிடைக்கும். காப்பீட்டுக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. 20 ரூபாய் என்பது சுரக்ஷா பீமா திட்டத்துக்குரியது. அது விபத்துக்கு மட்டுமே பொருந்தும். மாரடைப்பாதலால் முதல் திட்டத்தின் தொகையே அவர்களுக்கு உரியதாயிற்று. மே மாதம் முடிவதற்குள் நேர்ந்த இறப்பாதலால், சென்ற ஆண்டின் பிரீமியமே அதற்குப் போதுமானதாக இருந்தது. எப்போதோ கிளையில் ஒரு படிவத்தில் மனைவியின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, வீட்டில் சொல்ல மறந்துபோயிருக்கிறார் அம்மனிதர். அப்பணம் கடனின் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சமம்.

மறந்துபோன வைப்புகளும் இவ்வாறே இருக்கக்கூடும். பத்தாண்டுகள் இயக்கப்படாத கணக்கின் பணம் வைப்பாளர் கல்வி விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதன் பின்னரும் உரியவர் கோரலாம். இவற்றைத் தேடுவதற்கென ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ என்ற இணைய வசதியைத் தொடங்கியது.

கட்டடக் காப்பீட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு எடுத்த காப்பீட்டில், அங்கு விருந்தினர் பணம் கொடுத்துத் தங்குகின்றனர் என்பதை நிறுவனத்துக்குத் தெரிவித்திராவிட்டால் பின்னர் சிக்கல் எழலாம். உரிமையாளரின் பெயர் மாறியதையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

மீண்டும் கதவைத் திறத்தல்

இல்லத்தை எப்போது மீண்டும் திறப்பது என்பதற்கு வங்கி விதி எதுவும் இல்லை. பணமுடையால் பத்தாம் நாளே திறப்பவர் உண்டு. திறக்க மனமின்றித் தொழிலையே விடுபவரும் உண்டு. நம் குடும்பம் மழைக்காலம் முழுவதும் மூடிவைத்தது. சுற்றுலாத் துறையின் பதிவை மனைவியின் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தனர். நம் பட்டா மாற்றத்துக்கு நிகரான ‘இந்தகால்’ பதிவுக்காகப் பட்வாரியிடம் சென்றனர்.

பணத்தால் ஈடுகட்ட இயலாத இழப்பு ஒன்றையும் அவர்கள் அப்போதுதான் உணர்ந்தனர். ஊற்றிலிருந்து வரும் நீர்க்குழாயின் வால்வு எங்கே இருக்கிறது, பனி உறைவதற்கு முன் குடில்களின் குழாய்களை எவ்வாறு வடிப்பது, புகைபோக்கியை எப்போது துடைப்பது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தன. பக்கத்து இல்லத்தவர் உதவியோடு மகன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒரு குறிப்பேட்டில் எழுதினான்.

செப்டம்பர் இறுதியில், ‘பிறகு வருகிறோம்’ என்று கூறிய இரு குடும்பங்களில் ஒன்று வந்தது. அவர்களை வரவேற்கும்போது என்ன பேசுவது என்று மனைவிக்குத் தெரியவில்லை. அவர்கள் துக்கத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறினர். பிறகு தேநீர் கேட்டனர். தேநீர் போடுவது அவளுக்குத் தெரிந்த வேலை. அன்றிரவு கணக்கேட்டில், கணவரின் கையெழுத்து முடிந்த வரிக்குக் கீழே, முன்பணம் 9,000 ரூபாயில் அவர்களுக்குரிய பங்கை அவள் தன் கையால் தீர்த்தெழுதினாள்.

இன்று மாலை செய்யத்தக்கவை

வாசகர்கள் தம் வீட்டில் அனைவரும் கூடியிருக்கும் நேரத்தில் பின்வருவனவற்றைச் சரிபார்க்க வேண்டுகிறோம்.

1. ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் யார்? அவர் உயிருடன் இருக்கிறாரா? 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளில் நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒரே நேரத்தில் பங்கு விழுக்காட்டோடும், அல்லது ஒருவர்பின் ஒருவராகவும். பெட்டகத்துக்கு ஒருவர்பின் ஒருவராக மட்டுமே இயலும்.

2. மூன்று மாதச் செலவுக்கு ஈடான தொகை, மறுநாளே எடுக்கத்தக்க கூட்டுக் கணக்கில் இருக்கிறதா? நம் எடுத்துக்காட்டில் அது 1,44,000 ரூபாய்.

3. விருந்தினர் முன்பணம் தனிப் பக்கத்தில் எழுதப்படுகிறதா? அப்பக்கம் எங்கே இருக்கிறது என்பது இன்னொருவருக்குத் தெரியுமா?

4. கடன், காப்பீடு, வைப்பு ஆகியவற்றின் பட்டியல் ஒரே தாளில் உள்ளதா? இரகசிய எண்களை அதில் எழுத வேண்டா. எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தக் கணக்கு என்பது போதும்.

5. உயில் எழுதப்பட்டுள்ளதா? நிலம் இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறதா?

6. வீட்டிலுள்ள மற்றொருவர், உங்கள் உதவியின்றி ஒருநாள் முழுவதும் இல்லத்தை நடத்திப் பார்த்ததுண்டா?

இக்கேள்விகளைக் கேட்பது அபசகுனம் என்று பெரியவர்கள் சிலர் கருதலாம். அவர்களுடைய மனத்தை நோகச் செய்யாமல், பாஸ்புத்தகத்தைப் பதிவுசெய்து வந்த நாளில் பேச்சோடு பேச்சாகத் தொடங்கலாம். மேற்கண்ட ஆறனுள் ஒன்றை மட்டும் இம்மாதம் முடிப்பதாயின், முதலாவதை முடியுங்கள். அதற்குக் கிளையில் ஒரு படிவமும் சில நிமிடங்களும் போதும்.